‘வாங்கு’ என்ற பொத்தான் நமக்கு எதை விற்கிறது?

ஸ்டீமில் தள்ளுபடிக் காலம் தொடங்கியதும், தமிழில் கணினி விளையாட்டு பற்றிப் பேசுவோரிடையே ஒரு பழைய வழக்கும் தொடங்கிவிடுகிறது. ஸ்டீமில் வாங்குவதா, எபிக்கில் வாங்குவதா? ‘எல்லாம் ஒரே நூலகத்தில் இருக்க வேண்டும், ஆகவே ஸ்டீம்’ என்கிறது ஒரு தரப்பு. ‘வாரந்தோறும் இலவசமாகத் தரும் கடையை விட்டுவிட்டு வேறெங்கே போவது’ என்கிறது மறு தரப்பு. விலைப் பட்டியல்கள் வருகின்றன, படப்பிடிப்புகள் வருகின்றன, வசவுகளும் வருகின்றன. இரு தரப்பும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: பணம் கொடுத்து முடித்தபின் நம் கையில் என்ன மிஞ்சுகிறது? கடையைத் தேர்வதற்கு இதுவே முதல் கேள்வி என்பது என் வாதம். விலை இரண்டாவது, வசதி மூன்றாவது.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன்; மொழியியல் படித்தோரின் பழக்கம் அது. ‘வாங்கு’ என்ற வினை பழந்தமிழில் வளைத்தலையும் இழுத்தலையும் குறித்தது, வில்லை வாங்கினார்கள். இன்று கடன் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், படியேறினால் மூச்சு வாங்குகிறது. பெறுதல் என்ற பொருள் அதில் உண்டு. பெற்றது உடைமையாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலை கொடுத்து உடைமையாக்குவதற்கு நம்மிடம் இருந்த வினை ‘கொள்’. ‘கொள்முதல்’ என்பதில் அது மிஞ்சியிருக்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் ‘கொள்வனவு’ என்கிறார்கள். நான் வசிக்கும் பெங்களூரில் கன்னடர் அன்றாடம் சொல்லும் ‘கொண்டுகொள்ளு’வும் அதே வேர்தான். கடைகளின் ஆங்கிலப் பொத்தானைப் படிப்பவர் மனத்தில் எழுவது இந்தக் ‘கொள்’ளின் பொருள்: விற்றவர் கையைவிட்டு நீங்கி, கொண்டவர் கைக்கு வந்துவிடுதல். பொத்தானை அழுத்துமுன் நாம் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். ஸ்டீமின் ஒப்பந்தத்தில் நமக்கு ‘வாங்குபவர்’ என்ற பெயரே இல்லை. ‘சந்தாதாரர்’ என்று இருக்கிறது. விலை கொடுத்த விளையாட்டின் மீது நமக்குக் கிடைக்கும் உரிமைக்குச் ‘சந்தா’ என்று பெயர். உள்ளடக்கம் உரிமமாகத் தரப்படுகிறதே தவிர விற்கப்படுவதில்லை என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. பொத்தான் ஒரு மொழி பேசுகிறது, பத்திரம் வேறொரு மொழி பேசுகிறது.

பெங்களூரில் வீடு தேடியவர்களுக்கு மூன்று ஏற்பாடுகள் தெரியும். முதலாவது வாடகை: மாதந்தோறும் கொடுக்கிறோம், இருக்கும் வரை இருக்கிறோம். இரண்டாவது இங்கே ‘லீஸ்’ என்றும் ‘போக்யா’ என்றும் வழங்குவது, நம் ஊரில் ஒத்தி அல்லது போக்கியம்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகையின்றி வாழ்ந்து, வெளியேறும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெறுகிறோம். மூன்றாவது கிரயம்: பத்திரம் பதிந்து வீடு நமதாகிறது. கணினி விளையாட்டுக் கடைகள் நமக்கு விற்பது இம்மூன்றில் எது? மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதால் அது வாடகை போல இல்லை. தொகை திரும்பி வராததால் ஒத்தியும் இல்லை. உரிமை மாறாததால் கிரயமும் இல்லை. கிரயத்தின் விலை, வாடகையின் நிச்சயமின்மை: இப்படி ஒரு வீட்டை எந்தத் தரகர் காட்டினாலும் எழுந்து வந்துவிடுவோம். கணினியில் மட்டும் அதைத் தள்ளுபடி என்று எண்ணி மகிழ்கிறோம்.

தமிழில் எழுதப்படும் பழைய கிரயப் பத்திரங்களில் வாங்குபவரின் உரிமைகளை அடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளை, பேரன் என்று வழிவழியாக அனுபவிக்கலாம், தானமாகக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். இந்த நான்கையும் நம் விளையாட்டு நூலகத்தின் மீது வைத்துப் பாருங்கள். ஸ்டீம் கணக்கைப் பிறருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ ஒப்பந்தம் இடம்தரவில்லை. விளையாடி முடித்த ஒன்றை இளையவர் ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது. உயில் எழுதியும் பயனில்லை. இறந்தவரின் கணக்கை மற்றவருக்கு மாற்ற இயலாது என்பதே 2024-இல் வெளியான ஸ்டீம் வாடிக்கையாளர் சேவையின் பதில். நான்கில் ஒன்றுகூட இல்லாத ஒன்றைக் கிரயம் என்று அழைப்பது மொழிப்பிழை மட்டுமன்று, வணிகப் பிழையும்கூட.

‘இதெல்லாம் காகிதச் சண்டை, நடைமுறையில் ஒன்றும் ஆகாது’ என்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கார்ப் பந்தய விளையாட்டு ‘தி க்ரூ’. தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சேவையகத்தோடு தொடர்பு வேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சேவையகத்தை நிறுத்தினார்கள். அதன்பின் முழு விலை கொடுத்தவருக்கும் தள்ளுபடியில் எடுத்தவருக்கும் ஒரே நிலைதான், விளையாட்டு திறக்காது. ஸ்டீம் கடை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, நடக்கிறது. ஆனால் ஸ்டீமில் அதை வாங்கியவரையும் அந்தக் கடை காப்பாற்றவில்லை. இதை எதிர்த்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது.

இரண்டாவது, ராக்ஸ்டார் நிறுவனத்தின் ‘ஜிடிஏ 4’. 2008-இல் வெளிவந்த அந்த விளையாட்டில் காரின் வானொலியில் ஒலிக்கும் பாடல்களுக்குப் பத்தாண்டு உரிமம் பெற்றிருந்தார்கள். 2018-இல் உரிமம் முடிந்ததும் ஒரு புதுப்பிப்பின் மூலம் பல பாடல்கள் நீக்கப்பட்டன. புதிதாக வாங்குவோருக்கு மட்டுமன்று, முன்பே வாங்கி வைத்திருந்தவர்களின் கணினியிலும் அவை காணாமல் போயின. வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் சில பக்கங்களைப் பதிப்பகத்தார் இரவில் வந்து கிழித்துச் செல்வதற்கு ஒப்பானது இது.

ராக்ஸ்டாருக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவு இங்கே நினைக்கத்தக்கது. இந்தியாவின் தொடக்ககால விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997-இல் இந்நகரில் தொடங்கப்பட்டது. 2019-இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. உலகம் முழுதும் விற்கும் விளையாட்டுகளுக்கான உழைப்பில் ஒரு பகுதி இந்த நகரத்தின் மேசைகளில் நடக்கிறது. அதே நிறுவனத்தின் ‘ஜிடிஏ 5’ஐ ஸ்டீமில் வாங்கினாலும், அது ராக்ஸ்டாரின் சொந்தத் திறப்புச் செயலியையும் கடந்துதான் திறக்கும். ஒரு வீடு, இரண்டு வாயிற்காவலர்கள். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2004 நவம்பர் 5 அன்று, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், வட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’ என்று தீர்ப்பளித்தது. விற்பனை வரி தொடர்பான வழக்குதான். ஆயினும் அதன் தர்க்கம் எளிமையானது: கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடியது, விற்கக்கூடியது, ஆகவே சரக்கு. பதினொரு நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப் லைஃப் 2’ வெளிவந்தது. கடையில் வட்டாக வாங்கியவரும் இணையத்தில் ஸ்டீம் கணக்கைத் தொடங்கினால்தான் அதை விளையாட முடியும். ஒரே மாதத்தில், ஒருபுறம் நீதிமன்றம் வட்டைச் சரக்கு என்று உறுதிசெய்ய, மறுபுறம் அந்த வட்டை வெற்றுப் பிளாஸ்டிக்காக மாற்றும் ஏற்பாடு உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. நம் நுகர்வோர் சட்டம் அந்த இடைவெளியை இன்றுவரை நிரப்பவில்லை.

கலிபோர்னியா ஒரு படி எடுத்து வைத்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலச் சட்டம், எண்ணியப் பொருளை விற்கும் கடை ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும் என்கிறது. அது நடைமுறைக்கு வருமுன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீமின் கட்டணப் பக்கத்தில் அத்தகைய ஒரு வரி சேர்ந்தது. அச்சட்டத்தில் நம் கவனத்துக்குரிய ஒரு விலக்கும் இருக்கிறது. நிரந்தரமாகத் தரவிறக்கிக்கொண்டு இணையமின்றியும் பயன்படுத்தக் கூடிய பொருளுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. அதாவது, உண்மையாகவே கைக்கு வந்துசேரும் பொருளை விற்பவர் ‘வாங்கு’ என்ற சொல்லைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கடைகளுக்கு வருவோம்.

ஸ்டீமின் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. ரூபாயில் விலை சொல்கிறது, யுபிஐ வழியே பணம் பெறுகிறது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. 2018-இல் வந்த புரோட்டான் வழியாக விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றை லினக்ஸிலும் ஓடச் செய்தது. விண்டோஸ் உரிமத்துக்குத் தனியாகச் செலவிட இயலாத மாணவருக்கு இது பெரிய உதவி. ஆனால் இவை அனைத்தும் நல்ல வீட்டுக்காரரின் குணங்கள். குழாய் ஒழுகினால் உடனே ஆள் அனுப்புகிறார் என்பதற்காக வீடு நமதாகிவிடாது.

எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்தபோது, விற்பனையில் 12 விழுக்காடு மட்டும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 விழுக்காடு. பெருந்தொகைக்கு விற்பவர்களுக்கு மட்டும் அது 25, 20 என்று குறையும். அதாவது பெரியவர்களுக்குச் சலுகை, சிறியவர்களுக்கு முழுச் சுமை. 1,000 ரூபாய் விளையாட்டில் 300 ரூபாய் கடைக்கா, 120 ரூபாய் கடைக்கா என்பது, ‘ராஜி’யை உருவாக்கிய புணேயின் நாடிங் ஹெட்ஸ் போன்ற சிறு குழுவுக்கு வாழ்வா சாவா என்ற கணக்கு. இதில் எபிக்கின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை எப்படி நிலைநாட்டினார்கள்? ‘மெட்ரோ எக்சோடஸ்’ ஸ்டீமில் முன்பதிவுக்கு இருந்தபோது, வெளியாகச் சில வாரங்களே இருந்த 2019 ஜனவரியில், அதை ஓராண்டுக்குத் தம் கடைக்கு மட்டும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். நல்ல கடை கட்டி ஆளை வரவழைப்பதற்குப் பதிலாக, அடுத்த கடைக்குச் சரக்குப் போகாமல் தடுத்தார்கள். திறந்து மூன்றாண்டு கழித்து, 2021 டிசம்பரில்தான் அந்தக் கடையில் பல பொருள்களைச் சேர்த்து வாங்கும் கூடையே வந்தது. இலவசங்களைப் பொறுத்தவரை, கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம், பணம் போகவில்லை. அதையே காரணமாக்கிக் காசு கொடுக்க வேண்டியவற்றையும் அங்கே வாங்கினால், உருவாக்கியவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். நமக்குக் கிடைப்பது ஸ்டீமில் கிடைக்கும் அதே சந்தாதான்.

மூன்றாவது கடை, இந்தச் சண்டையில் பெயர்கூட அடிபடாத ஜி.ஓ.ஜி. போலந்தின் சிடி புராஜெக்ட் 2008-இல் தொடங்கியது. இங்கே விற்பவற்றுக்கு டிஆர்எம் எனப்படும் பூட்டு இல்லை. நிறுவல் கோப்பைத் தரவிறக்கி வெளிவட்டில் வைத்துக்கொள்ளலாம். இணையமில்லாத கணினியிலும் நிறுவலாம். நாளை கடையே மூடினாலும் கோப்பு நம்மிடம் இருக்கும்.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்பது பெங்களூரின் நேஷனல் மார்க்கெட்டையும் சென்னையின் பர்மா பஜாரையும் அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். சிடி புராஜெக்டின் நிறுவனர்கள் வார்சாவில், திருட்டு வட்டுகள் மலிந்த கணினிச் சந்தையில் தொழில் கற்றவர்கள். அங்கே பூட்டைப் பெரிதாக்கி வெல்ல முடியாது என்று கண்டார்கள். 1999-இல் ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டை முழுக்கப் போலிஷ் மொழியில், போலிஷ் நடிகர்களின் குரலில் வெளியிட்டார்கள். நகல் வட்டில் கிடைக்காத ஒன்றைத் தந்ததால் மக்கள் காசு கொடுத்தார்கள். வாங்குபவரைத் திருடராகக் கருதிப் பூட்டுப் போடுவது ஒரு வழி. அவர் மொழியில் பேசி மதிப்பது மற்றொரு வழி. நமக்கோ ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி. மூன்றிலும் முதல் வழியின் மிச்சம் ஒன்று உண்டு: எந்த இந்திய மொழியிலும் கடை முகப்பு இல்லை. வாங்கு என்ற சொல்லுக்கும் உரிமம் என்ற சொல்லுக்கும் இடையிலான பள்ளத்தை, நமக்குத் தாய்மொழியல்லாத ஒரு மொழியில், நீண்ட ஒப்பந்தத்தின் நடுவில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

நான்காவது, 2013-இல் தொடங்கிய இட்ச்.ஐஓ. கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை உருவாக்குபவரே முடிவு செய்கிறார். சுழியம் என்றுகூட வைக்கலாம். பெரும்பாலும் கோப்பை நேரடியாகவே தருகிறார்கள். சிறு முயற்சிகளுக்கு இதைவிட நேர்மையான சந்தை எனக்குத் தெரிந்து இல்லை.

இனி மறுப்புகள். ‘ஜி.ஓ.ஜி.யும் உரிமம்தானே தருகிறது?’ ஆம், காகிதத்தில் அதுவும் உரிமம்தான். ஆனால் பத்திரம் பலவீனமாக இருந்தாலும் சாவி நம்மிடம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, கணினி நிரலின் ஒரு படியை முறையாக வைத்திருப்பவர், இழப்பிலிருந்து காத்துக்கொள்ளக் காப்புப் படி எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தக் கையில் ஒரு படி வேண்டும். ஜி.ஓ.ஜி. தருவது அந்தப் படியை.

‘அங்கே புதியவை கிடைப்பதில்லை.’ பல கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ‘விட்சர் 3’, ‘சைபர்பங்க் 2077’, ‘பால்டர்ஸ் கேட் 3’ மூன்றும் பூட்டின்றி அங்கே விற்கின்றன. பூட்டில்லாமல் விற்றால் தொழில் அழியும் என்ற பயமுறுத்தலுக்கு இவற்றின் வெற்றியே பதில்.

‘ரூபாயில் விலை இல்லை.’ இதுதான் வலுவான மறுப்பு. நான் குறைத்து மதிப்பிடவில்லை. மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகையில் பெங்களூர் வாடகையும் கொடுத்து வாழ்பவருக்கு, டாலர் விலை என்பது கொள்கை விவாதமன்று, மாதக் கணக்கு. அதோடு 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே கேட்டு இயக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஜி.ஓ.ஜி.யில் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வாடகைப் பொருளுக்கு வாடகை மதிப்பை மட்டும் மனத்தில் வையுங்கள் என்கிறேன். சந்தாவுக்குக் கிரய விலை கொடுக்காமல் பெரிய தள்ளுபடிக்குக் காத்திருப்பது கஞ்சத்தனமன்று, சரியான மதிப்பீடு.

‘விளையாட்டுதானே, போனால் போகட்டும்.’ ஓர் ஆய்வு மாணவர் என்ற நிலையில் இந்த மறுப்பைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி வார்ப்பதும் அழிந்துபோன சமையல் குறிப்பை ஊகித்து நிரப்புவதும்தான் விளையாட்டு. மகனுக்குத் தாய்மொழி நழுவிப்போவதை எழுத்தின் வடிவத்திலேயே காட்டிய படைப்பு. 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. புலம்பெயர் தமிழர் மொழியிழப்பை ஐம்பதாண்டு கழித்து ஆராயும் ஒருவருக்கு அது முதன்மைச் சான்று. அப்போது அவர் அதை எங்கே சென்று பார்ப்பார்? 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். விளையாட்டுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. நூலகம் காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும், சந்தாக் கணக்கு தனிநபருக்குரியது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் ஏடுகள் பிழைத்தது, பலர் படியெடுத்துப் பல வீடுகளில் வைத்திருந்ததால். படியெடுக்கவே முடியாதபடி பூட்டி விற்கப்படும் படைப்புக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை இது. ஒரு விளையாட்டு வேண்டுமென்றால் முதலில் ஜி.ஓ.ஜி.யிலும் இட்ச்சிலும் தேடுங்கள். இருந்தால், கைக்கு எட்டும் விலையானால், அங்கே வாங்கி நிறுவல் கோப்பை வெளிவட்டில் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் அங்கே வாங்கியதன் பயன் பாதி போயிற்று. அங்கே இல்லையென்றால் ஸ்டீம். ஆனால் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் டெனுவோ போன்ற பூட்டு, வேறொரு நிறுவனக் கணக்கு, நிரந்தர இணையம் ஆகியவை பற்றிய அறிவிப்பைப் படித்துவிட்டு விலையைப் பாருங்கள். ஸ்டீமில் விற்பவற்றுள் பூட்டே இல்லாதவையும் உண்டு. பூட்டுவதா என்பது உருவாக்கியவரின் முடிவு. எபிக்கில் இலவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருவாக்கியவருக்குக் கூடுதலாகச் சேர வேண்டும் என்று நினைக்கும்போது அங்கே வாங்குங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையதளங்களின் ஏமாற்று வடிவமைப்புகள் 13-ஐப் பட்டியலிட்டுத் தடை செய்தது. உரிமத்தை விற்றுக்கொண்டு ‘வாங்கு’ என்று எழுதுவது பதினான்காவதாகச் சேர வேண்டும். சேவையகத்தை நிறுத்தும் நிறுவனம், விளையாட்டு தனியாக இயங்கும் வழியைத் தந்துவிட்டே நிறுத்த வேண்டும். நூல்களுக்கு உள்ள ஒப்படைப்புச் சட்டம் எண்ணியப் படைப்புகளுக்கும் நீள வேண்டும்.

அடுத்த தள்ளுபடிக்கு விலை ஒப்பீட்டு அட்டவணை போடவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கடை, விலை, தள்ளுபடி என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் ‘பூட்டு உண்டா?’ என்று நான்காவதாக ஒரு பத்தி சேருங்கள். தகவல் திரட்ட நானும் உதவுகிறேன்.